ஹார்க்ரோவ் வீட்டுத் தகரச் சாய்ப்பு

குளோட்டிஸ் ஹார்க்ரோவிடம் வழி கேட்டவன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக மேற்கு அட்லாண்டாவில் யாரும் சொன்னதில்லை. எரிந்துபோன சலவைக்கடையில் இடப்பக்கம் திரும்பு, ஸ்கேட்டிங் மண்டபம் இருந்த மூலையைத் தாண்டு, பெரிய ஓக் மரம் வரும், அதை வெட்டி இருபது வருஷம் ஆகிறது, அங்கே நில் என்பார். முப்பத்தொரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். அந்த ஊரில் எதற்காவது நாற்பது வயதானால் இடித்துவிடுவார்கள். உள்நாட்டுப் போரில் வடக்குப் படை கொளுத்தியதைவிட நாங்கள் இடித்ததுதான் அதிகம் என்று அதையும் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். இடிந்ததையெல்லாம் மண்டைக்குள் நிமிர்த்தி வைத்துக்கொண்டு எழுபத்தெட்டு வயதில் நடமாடினார் ஹார்க்ரோவ்.

தேவாலயத்தில் டீக்கன் என்பதால் ஆல்வுட் தெரு முழுக்க அவரை டீக்கன் என்றே கூப்பிட்டது. அவர் பேச ஆரம்பித்தால் தெரு மெல்ல வீட்டுக்குள் போய்விடும். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு லவோனியா ஸ்டப்ஸ் மட்டும் உட்கார்ந்து கேட்பார். டீக்கனை நம்பியல்ல, பிழை பிடிக்க.

பிறகு புதியவர்கள் வந்தார்கள், பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். வீட்டை வாங்கி, சாம்பல் நிறம் அடித்து, கதவுக்கு மட்டும் மஞ்சள் அடித்து, நாயோடு நடந்தார்கள். அவர்களுக்கு வரலாறு என்றால் உயிர். அவர்களில் ஒருத்திதான் மெரிடித் கெஸ்லர், குடியிருப்போர் சங்கச் செயலாளர். ஒரு நாள் நீலப் பீங்கான் தட்டில் பூசணி ரொட்டியோடு வந்து, "குளோட்டிஸ், உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டேன்" என்றாள். பிஷப்கூட அவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரொட்டியோடு சேர்த்து அதையும் விழுங்கிக்கொண்டார்.

வந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுப்பது அந்தத் தெருவில் கிட்டத்தட்டப் பாவம். ஹார்க்ரோவ் வெண்ணெய்க் கேக் செய்து தட்டை நிரப்பி அனுப்பினார். தட்டு எலுமிச்சைப் பணியாரத்தோடு திரும்பி வந்தது. அவர் பீச் பழப் பண்டம் அனுப்பினார். மூன்றாம் முறை தட்டுக்கு அடியில் ஒரு காகிதக் கட்டு இருந்தது. ஆல்வுட் தெருவை வரலாற்றுப் பகுதியாக அறிவிக்கச் சொல்லும் மனு. அறிவித்துவிட்டால் ஒருவனும் எதையும் இடிக்க முடியாது. சாப்பாட்டோடு வந்தவளை எதிரே உட்கார வைத்துக்கொண்டு காகிதத்தைப் படிப்பது, அவளைத் திருடி என்று சொல்வதற்குச் சமம். அப்படித்தான் அவர் வளர்ந்தார். படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அதோடு விட்டாரா? பதினேழு பழைய குடும்பங்களின் வாசலுக்கும் போய்க் கையெழுத்து வாங்கினார்.

லவோனியா மட்டும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார்.

"டீக்கன், ஒன்பதாம் பக்கத்துல ஜன்னல், கூரைன்னு என்னமோ எழுதியிருக்கே, பாத்தீங்களா?"

"அதெல்லாம் வக்கீல் பேச்சு, மிஸ் லவோனியா. நீங்க போடுங்க."

"ரெண்டு ரொட்டிக்கு விழுந்துட்டீங்க" என்றார் லவோனியா. ஆனாலும் போட்டார். போடாவிட்டால் டீக்கன் எழுந்து போகமாட்டார்.

அறிவிப்பு வந்தது. சனிக்கிழமை மாலைகளில் மெரிடித் வரலாற்று நடை நடத்தினாள், ஹார்க்ரோவ் முன்னால் நடந்தார். காப்பிக் கோப்பை ஏந்திய இருபது பேர் அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார்கள். ஒரு வருஷம் ராஜாவாக இருந்தார். வழி தவறிய ராஜா, ஆனாலும் ராஜா.

மார்ச் மாதக் காற்றில் லவோனியா வீட்டுப் பீக்கன் மரத்தின் கிளை ஒன்று முறிந்து, ஹார்க்ரோவ் வராந்தாவின் தகரச் சாய்ப்பைப் பாதிக்கு மேல் மடக்கிப் போட்டது. பச்சையும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட சாய்ப்பு. ஆள் பிடித்து வேலை தொடங்கிய இரண்டாம் நாள், வேலையை நிறுத்தச் சொல்லிக் கதவில் நகராட்சி நோட்டீஸ் தொங்கியது. பின்னாலேயே மெரிடித்தும் துக்க முகத்தோடு வந்தாள்.

"எனக்கு மனசே சரியில்ல, குளோட்டிஸ். இருக்கிற சாய்ப்பை அப்படியே விட்டுடலாம். சேதமாயிட்டா திரும்ப மாட்டக் கூடாது. விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே."

ஒன்பதாம் பக்கத்தை அன்றைக்குத்தான் படித்தார். அனுமதி கேட்டு நகர மன்றத்துக்கும் போனார்.

மேடையில் ஏழு பேர். பேச மூன்று நிமிஷம், நேரம் காட்ட மேசையில் ஒரு சிறு விளக்கு. பச்சை எரியும்போது ஹார்க்ரோவ் தொடங்கினார். 1971-ம் வருஷக் கோடையில் ஆல்வுட் தெருவில் பதினோரு வீட்டின் முன்னால் விற்பனைப் பலகை நட்டிருந்தார்கள். முதல் கறுப்புக் குடும்பம் வருகிறது என்றதும் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். அந்த முதல் குடும்பம் அவரும் மனைவி எர்னஸ்டினும்தான். மிச்சமிருந்த ஒரு அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, எத்தனை நாள் இருப்பதாக உத்தேசம் என்று தேன் குரலில் கேட்டாள். மறு வாரமே எர்னஸ்டின் சாய்ப்புக்குச் சொல்லிவிட்டாள். மேற்கு வெயில் ஒரு காரணம். செங்கல்லில் போல்ட் இறக்கித் தகரம் மாட்டியவள் எங்கும் போகமாட்டாள் என்று தெருவுக்குச் சொல்வது இன்னொரு காரணம். அதைப் பார்த்து, அடுத்தடுத்து வந்த ஒவ்வொரு கறுப்புக் குடும்பமும் சாய்ப்பு மாட்டியது. சாட்சிக்கு ஈஸ்டர் அன்று எடுத்த புகைப்படம் கொண்டுவந்திருந்தார். சாய்ப்பின் கீழே தொப்பியோடு எர்னஸ்டின். அவள் போய் ஆறு வருஷமாகிறது.

விளக்கு மஞ்சளானது.

தலைவர் மென்மையாகப் பேசினார். "அருமையான போட்டோ, மிஸ்டர் ஹார்க்ரோவ். காப்பகத்துக்கு ஒரு பிரதி குடுத்தா சந்தோஷப்படுவோம். ஆனா இந்தப் பகுதியோட முக்கியத்துவக் காலம், அதாவது நாம காப்பாத்துற காலம், 1918-லேர்ந்து 1945 வரைக்கும். சாய்ப்பு அதுக்கு அப்புறம் வந்தது."

"நானும் அதுக்கு அப்புறம் வந்தவன்தானுங்க" என்றார் ஹார்க்ரோவ். "நாப்பத்தஞ்சுல எங்கம்மா அந்தத் தெருவுக்குள்ள வந்தா பின்வாசல் வழியா, துணி துவைக்கத்தான் வர முடியும். அந்தக் காலத்தையா நான் வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கிக் காப்பாத்தினேன்?"

ஓர் உறுப்பினர் உருக்கமாகச் சொன்னீர்கள் என்று நன்றி தெரிவித்தார். மெரிடித் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சங்கத்தின் சார்பில் எதிர்த்துப் பேசியவளும் அவள்தான். விளக்கு சிவந்தது. ஆறுக்கு ஒன்று என்று மறுத்தார்கள்.

சாய்ப்பு இறங்கியது. அது இருந்த இடத்தில் செங்கல்லில் வரிசையாக ஓட்டைகள். பழைய குடும்பங்கள் காற்று வீசினால் பதறின. ஞாயிற்றுக்கிழமை டீக்கனோடு கைகுலுக்குவதைச் சுருக்கிக்கொண்டன. நான்கு மணிக்கு மேல் தன் வராந்தாவில் உட்கார முடியாமல் அவர் லவோனியா வராந்தாவுக்குக் குடிபெயர்ந்தார்.

"வாங்க டீக்கன். உங்க வீட்டுக்கு வரலாறு, என் வீட்டுக்கு நிழல். யாரு கெட்டிக்காரின்னு கர்த்தருக்குத் தெரியும்."

லவோனியாவின் சாய்ப்பும் ஒரு முனையில் தொங்கத் தொடங்கியிருந்தது. புதன்கிழமை பட்டப்பகலில், எழுபத்தெட்டு வயது டீக்கன் ஏணி போட்டு ஏறி, அனுமதியில்லாமல் இரண்டு போல்ட் மாற்றினார். லவோனியா ஏணியைப் பிடித்துக்கொண்டு, விழுந்தால் உங்களையும் திரும்ப மாட்ட விடமாட்டார்கள் என்று எச்சரித்தார்.

சனிக்கிழமை நடைக் கூட்டம் ஹார்க்ரோவ் வீட்டின் முன்னால் நின்றது. அசல் தோற்றத்துக்கு மீட்கப்பட்ட முகப்பு என்று மெரிடித் காட்டினாள். வெயிலில் கண் கூச, எல்லோரும் அதைப் படம் எடுத்தார்கள். ஒருவர் பக்கத்து வராந்தாவைச் சுட்டிக்காட்டி எதையோ கேட்டார். கூட்டம் அப்படியே நகர்ந்து லவோனியா வாசலுக்கு வந்தது. புது போல்ட் இரண்டும் காசு போல் மின்னின. ஹார்க்ரோவ் நாற்காலியை நகர்த்தி, அவற்றுக்கு நேர் கீழே எழுந்து நின்றார்.

"குளோட்டிஸ், நல்லவேளை நீங்க இங்க இருக்கீங்க" என்றாள் மெரிடித். "இந்தச் சாய்ப்போட கதையை நீங்களே சொல்லுங்களேன். எப்ப மாட்டினது? அதுக்கப்புறம் ஏதாவது மாத்தியிருக்காங்களா?"

இருபது முகங்கள் அண்ணாந்து காத்திருந்தன. வாழ்நாளில் அவர் இப்படியொரு கூட்டத்தை ஏமாற்றி அனுப்பியதில்லை. வருஷம் தெரியும், மாதம் தெரியும், மாட்டியவனின் மாமியார் பெயர்கூடத் தெரியும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார். "நான் இந்தத் தெருவுக்குப் புதுசு."

கூட்டம் சிரித்துவிட்டு நகர்ந்தது.

"இதை முதல் ரொட்டி வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார் லவோனியா.