றாஹிலா பழுது பார்த்த தோணி எஞ்சின்

கல்முனைக்குடியில் தோணி எஞ்சின் பழுதென்றால் ஹஸனிடம்தான் கொண்டுபோவார்கள். சுனாமி அவரைக் கொண்டுபோன பிறகும் அவர் மனைவி றாஹிலா பட்டறையைப் பூட்டவில்லை. பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் நின்று ஸ்பனர் எடுத்துக் கொடுத்தவள். எந்தத் திருகு எந்த எஞ்சினுடையது என்று தொட்டே சொல்வாள். ஆனாலும் ஆட்கள் அவளிடம் சைக்கிளையும் தண்ணீர்ப் பம்பையும்தான் கொண்டுவந்தார்கள். நடுக்கடலில் உயிரைக் காக்கிற எஞ்சினை ஒரு பெண்ணிடம் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

சண்டை முடிந்து, கடலுக்குப் போகும் கட்டுப்பாடுகள் தளரத் தொடங்கிய நாட்களில், பாண்டிருப்பு மீனவர் அழகரெத்தினம் சாக்கில் சுற்றிய பழைய எஞ்சினோடு வந்து நின்றார்.

“சுனாமிக்குப் பிறகு மண்ணத் தோண்டி எடுத்தது, தங்கச்சி. ரெண்டு பேர் பாத்துட்டாங்க. நெருப்புக்குக் கரண்ட் குடுக்கிற கொயிலும் மாத்தியாச்சு. பிளக்கில நெருப்பே வருகுதில்ல.”

“நான் பாக்கட்டா, அண்ணன்?”

“ஓம், அதுக்குத்தானே வந்தன்.”

றாஹிலா பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தாள். ஒன்றுமில்லை. மேலிருந்த சக்கரத்தைக் கழற்றினாள். உள்ளே கரண்டைத் தொட்டு விடும் பொயின்ற் முனைகள் உப்பில் வெள்ளையாகப் பூத்திருந்தன. அரத்தாளால் தேய்த்து, பெற்றோலால் துடைத்து, இடைவெளியைச் சரியாக்கினாள். சக்கரத்தைத் திரும்பப் பூட்டி இழுத்தும் நெருப்பு வரவில்லை.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். இந்த முறை வயர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போனாள். எஞ்சினை நிறுத்தும் பொத்தானுக்குப் போகும் மெல்லிய வயரில், ஒரு மறைவான வளைவில், தோலை உப்பு தின்றிருந்தது. செம்புக்கம்பி இரும்பில் முட்டிக்கொண்டிருந்தது. சுனாமியிலிருந்து நாலரை வருஷமாக யாரோ அந்தப் பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது போலத்தான்.

அந்த வயரைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுத்தாள். பிளக்கின் முனையில் நீலமாக நெருப்பு வெட்டியது.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்றாள். அழகரெத்தினம் வாய்விட்டுச் சிரித்தார்.

புது வயர் போட்டு, தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கி ஓடவிட்டார்கள். நன்றாகவே ஓடியது. ஆனால் அவர் விடவில்லை.

“கடலில ஒருக்காப் பாக்கணும். நீங்களும் வாங்க.”

சுனாமிக்குப் பிறகு றாஹிலா கடற்கரைப் பக்கமே போனதில்லை. அன்று முழுக்க யோசித்தாள். மறுநாள் விடிந்ததும் ஹஸனின் தங்கை நாச்சியாவைக் கூட்டிக்கொண்டு போய்த் தோணியில் ஏறினாள். அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் எஞ்சின் இருமி நின்றுவிட்டது. நாச்சியா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். றாஹிலா கையை மெல்ல விடுவித்து மூடியைத் திறந்தாள். அலை குலுக்கியதில் பிளக்கின் தொப்பி கழன்று நனைந்திருந்தது. முந்தானையால் துடைத்து, அழுத்திப் பொருத்தி, கயிற்றை இழுத்தாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

“திரும்புவமா, தங்கச்சி?”

“வேணாம் அண்ணன். இன்னும் கொஞ்சம் போங்க.”

அடுத்த மாதம் நிந்தவூரிலிருந்து இரண்டு எஞ்சின்கள் அவளைத் தேடி வந்தன. சைக்கிள் வேலையை நாச்சியா பார்த்துக்கொண்டாள்.