மாவுக்கு ஒரு மாமி

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருளாயி இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறார். உப்பிலியபுரத்துப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். பதினோரு ஆண்டுகள் வீடு வீடாகப் போய் மாவு அரைத்தார். கொல்லை வாசல் வழியாக உள்ளே போவார், கிரைண்டரைக் கழுவுவார், அரைப்பார், வழித்து வைப்பார், கொல்லை வாசல் வழியாகவே வெளியே வருவார். அந்த மாவைச் சாப்பிட அந்த வீடுகளில் யாரும் மறுத்ததாகத் தகவல் இல்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன் சொந்தமாகக் கிரைண்டர் வாங்கி, 'இருளாயி மாவுக் கடை' என்று பலகை மாட்டினார். சிக்கல் அப்போதுதான் ஆரம்பித்தது. மாவு அதே மாவுதான். ஆனால் பெயர் முன்வாசலுக்கு வந்துவிட்டது. பெயரைக் கேட்டதுமே எந்த ஊர், எந்தத் தெரு என்று மனதுக்குள் முகவரி எழுதிப் பார்க்கிறவர்கள் நம்மில் அதிகம். அப்படி எழுதிப் பார்த்தவர்கள் நாலு கடை தள்ளிப் போனார்கள். டீக்கடைக்காரர்களும் ஹாஸ்டல் பிள்ளைகளும் வேலைக்குப் போகிற பெண்களும் வாங்கினார்கள். தினமும் ஆறு படி அரிசி ஓடியது, அதற்கு மேல் ஏறவில்லை.

இருந்தாலும் இருளாயிக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலையில் கடையைத் திறந்ததும் சந்தின் எதிர்ச்சாரிக்குப் போய் நின்று, பலகையில் தன் பெயரை ஒரு முறை பார்த்துவிட்டு வருவார். வேறு எந்த இடத்திலும் அந்தப் பெயர் அவ்வளவு பெரிதாக எழுதப்பட்டதில்லை.

போன வருடம் தில்லைநகரில் சிறு வணிகர்களுக்கு இலவசப் பயிலரங்கு என்று வாட்ஸ்அப்பில் வந்தது. இருளாயி போனார். பீமராவ் என்ற ஆலோசகர் மைக்கைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு மேடையில் இப்படியும் அப்படியுமாக நடந்துகொண்டே பேசினார்.

"போன் நம்பரைப் பலகையில பெருசாப் போடுங்க. கடை திறக்கிற நேரத்தை எழுதுங்க. எழுதினா அந்த நேரத்துக்குத் திறங்க! பாக்கெட்ல அரைச்ச தேதி இருக்கணும். யாராவது குறை சொன்னா சண்டை போடாதீங்க, மாத்திக் குடுங்க."

எல்லாமே நல்ல யோசனைகள். இருளாயி ஒரே வாரத்தில் அத்தனையையும் செய்தார். ஆறு படி எட்டுப் படியானது. அத்தோடு நின்றிருந்தால் எனக்கும் எழுத எதுவும் இருந்திருக்காது. ஆனால் பயிலரங்குக்கு வந்தவர்களுக்கு ஒரு முறை கடைக்கே வந்து இலவச ஆலோசனை என்று பீமராவ் அறிவித்திருந்தார். சொன்னபடி வந்தும் விட்டார்.

"மாவு பிரமாதம் மேடம். ஆனா உங்க பிராண்டுக்குக் கதை இல்லையே."

"கதை இல்லாம என்ன சார்? பொறந்ததுலேருந்து சொல்லவா?"

"அந்தக் கதை வேணாம். வாங்குறவங்களுக்குப் பிடிச்ச கதை வேணும். ஸ்ரீரங்கம்னா என்ன? மடி, ஆசாரம், பாரம்பரியம். ஒரு மாமி படம் போதும் மேடம்."

"நான் எப்படி சார் மாமி ஆவேன்?"

"நீங்க ஏன் ஆகணும்? நீங்க ஓனர். மாமி பிராண்ட்."

"பொய்யில்லையா அது?"

"சோப்பு விளம்பரத்துல சிரிக்கிற பொண்ணு அந்த சோப்பைப் போட்டா குளிக்குது?"

மறுநாளே இருளாயி பாலக்கரையில் ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் முகம்மது கனியிடம் போனார். சொன்னால் படம் வரைந்து தரும் கம்ப்யூட்டரிடம் கனி ஒரு மாமி கேட்டார். முதலில் வந்த மாமி வடநாட்டு சேட்டம்மா மாதிரி இருந்தார். இரண்டாவது மாமிக்கு மூக்குத்தி கன்னத்தில் இருந்தது. மூன்றாவது மாமி மடிசாரும் வைரத்தோடுமாக, யாரையும் குறை சொல்லாத ஒரு புன்னகையோடு வந்தார். அந்தப் புன்னகையைப் பார்த்ததுமே இவர் நிஜ ஆள் இல்லை என்று ஊருக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. 'ஆனந்தவள்ளி மாமி மாவு' என்று பெயர் வைத்தது பீமராவ். பழைய பலகை அரிசி மூட்டைக்குப் பின்னால் போனது. இருளாயி எதிர்ச்சாரிக்குப் போவதை நிறுத்தினார்.

இரண்டே மாதத்தில் வியாபாரம் பதினான்கு படிக்கு ஏறியது. நாலு கடை தள்ளிப் போனவர்கள் எல்லாரும், கடை கைமாறிவிட்டது என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். வந்ததும் கேட்டார்கள்: "மாமி எங்கே?"

முதல் தடவை இருளாயி திணறிப்போய், "உள்ள மடியா இருக்காங்க" என்றார். குளித்து, ஈரப்புடவையில், யாரையும் தொடாமல் சுத்தமாக இருப்பதற்குப் பெயர் மடி. பீமராவின் ஆலோசனைகள் அத்தனையையும் சேர்த்தாலும் இந்த ஒரு சொல்லுக்கு ஈடாகாது. உள்ளறைத் திரையைக் கண்டதும் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். ஓடி வந்த குழந்தைகளை, "அங்க போகாதே, மாமி மேல பட்டுடும்" என்று இழுத்துப் பிடித்தார்கள். திரைக்குப் பின்னால் மூன்று கிரைண்டர்களும் ஒரு பல்லியும் மடியாக இருந்தன.

வந்தவர்களில் ரெங்கராஜ் முக்கியமானவர். பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில்தான் இருளாயி ஆறு ஆண்டுகள் மாவு அரைத்தார். ரெங்கராஜ் அதை மறக்கவும் இல்லை.

"கோச்சுக்காத இருளாயி. நம்ம வீட்ல நீயும் ஆறு வருஷம் அரைச்ச. இந்தப் பக்குவம் உனக்கு ஒரு நாளாவது வந்துச்சா? இட்லி பூ மாதிரி இருக்கு! மாமி கையே கை."

"ஆமாங்க சார்" என்றார் இருளாயி, மணிக்கட்டில் காய்ந்திருந்த மாவைச் சுரண்டியபடி.

ரெங்கராஜின் கண் அந்த மணிக்கட்டுக்குப் போனது. "பாக்கெட்ல நீயா ரொப்புற? மாமி மடியா அரைச்சதை நீ எதுக்குத் தொடுற?" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் இன்னும் இரண்டு பேர் அதையே கேட்டார்கள். இருளாயி பீமராவுக்குப் போன் போட்டார்.

"கஸ்டமர் சொல்றதுதான் மேடம் எப்பவும் சரி. முன்னாடி வேற ஒரு லேடியைப் போடுங்க. நீங்க உள்ள இருந்துக்கங்க."

ஜவுளிக்கடையில் வேலை பார்த்திருந்த வைஷ்ணவி விற்பனைக்கு வந்தார். இருளாயி திரைக்குப் பின்னால் போனார். அன்றிலிருந்து யாரையும் தொடாமல், யார் கண்ணிலும் படாமல், குரல் வெளியே கேட்காமல் நாள் முழுதும் உள்ளேயே இருந்தார். ஆனந்தவள்ளி மாமிக்காக இந்த ஊர் வகுத்துவைத்த மடியை ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றியவர் இருளாயிதான்.

ஒரு வெள்ளிக்கிழமை ரெங்கராஜின் குரல் திரையைத் தாண்டி வந்தது. "முன்னாடி இங்க நின்னாளே ஒருத்தி, அவளை நிறுத்திட்டீங்களா? ரொம்ப நல்லது. இனிமே நம்பி வாங்கலாம்."

இருளாயி கிரைண்டரை நிறுத்தினார். கையைக் கழுவினார். பின்பக்கமாக வெளியேறி, பஸ் பிடித்துப் பாலக்கரைக்குப் போனார்.

"பாய், மாமி செத்துட்டாங்க. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிங்க."

கனி ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்னக்கா, நேத்துகூட நல்லாத்தானே இருந்தாங்க? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே. பெத்தவன் நானு."

"விளையாடாதீங்க பாய். என் கடையில எனக்கே இடமில்ல."

கனி திரும்பி உட்கார்ந்தார். "அஞ்சலி போடுறது பெரிய விஷயமில்ல. இந்த ஊர்ல செத்தவங்களுக்குத்தான் மவுசு ஜாஸ்தி. படத்துக்கு மாலை போடுவாங்க, வருஷா வருஷம் திதி எப்பன்னு கேப்பாங்க. 'மாமி சொல்லிக் குடுத்த பக்குவம்'னு நீங்க காலம் பூரா சொல்லிக்கிட்டே அரைக்கணும். உசுரோட இருக்கறப்ப உங்களை உள்ள உக்கார வெச்சாங்க. செத்தா சாமியாகி உங்க தலையிலயே உக்காந்துருவாங்க."

 "அப்ப என்னைப் படம் எடுங்க" என்றார் இருளாயி.

"பட்டுப்புடவை கட்டிட்டு வர்றீங்களா?"

"கடைக்கு வந்து எடுங்க. மாவுக் கையோட."

திங்கட்கிழமை கடையில் புதுப் பலகை ஏறியது. முழங்கை வரை மாவோடு, சிரிக்காமல் நேராகப் பார்த்தபடி இருளாயி. கீழே ஒரே வரி: 'பத்தொன்பது வருடமாக நான்தான் அரைக்கிறேன். — இருளாயி.' பாக்கெட்டிலும் அதே படம். வைஷ்ணவி கடையிலேயே இருந்தார். திரையைக் கழற்றிக் கிரைண்டர் துடைக்க எடுத்துக்கொண்டார்கள்.

பீமராவ் போனில் பதறினார். "மேடம், பிராண்டைக் கொன்னுட்டீங்களே!"

"அது பொறக்கவே இல்லையே சார்" என்றார் இருளாயி.

பதினான்கு படி ஒன்பதுக்கு இறங்கியது. சிலர் சந்துக்குள் வந்து, பலகையைப் பார்த்து, ஏமாற்றிவிட்டதாகக் கத்தினார்கள். அது நியாயம்தான் என்று இருளாயி ஒப்புக்கொண்டு, மன்னிப்பும் கேட்டார். மாவில் என்ன ஏமாற்றம் என்று மட்டும் திருப்பிக் கேட்டார். ரெங்கராஜ் வரவே இல்லை.

ஐந்தாம் நாள் ரெங்கராஜுக்கு வழக்கமாக ஆட்டோ ஓட்டும் முருகானந்தம் வந்தார். கையில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு.

"அக்கா, ரெங்கராஜ் சார் மாவு வாங்கிட்டு வரச் சொன்னாரு. பாக்கெட் வேணாமாம். தூக்குல ஊத்திக் குடுப்பீங்களாம்."

"ஏன், பாக்கெட்டுக்கு என்ன?"

முருகானந்தம் நெளிந்தார். "படம் போட்டிருக்குல்லக்கா. சமையக்கட்டுக்குள்ள போகுமே..."

"தூக்குல கிடையாது. மாவு வேணும்னா மூஞ்சியோடதான்."

முருகானந்தம் ரெங்கராஜுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "சார், பாக்கெட்லதான் குடுப்பாங்களாம்."

"அப்ப வேணாம். வேற கடையில வாங்கு."

"நேத்து வேற கடையிலதான் சார் வாங்கினேன். இட்லி கல்லாட்டம் இருக்குன்னு அம்மா தட்டைத் தள்ளிட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

 வைஷ்ணவி வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரி, வாங்கித் தொலை. முன்பக்கமா வராத. கொல்லைப் பக்கமாக் கொண்டு வா."

இருளாயி இரண்டு பாக்கெட்டுகளைத் தூக்கின் மூடிமேல் வைத்து, படம் மேலே தெரியும்படி நீட்டினார்.

"பாத்துப் போங்க தம்பி. அந்தக் கொல்லை வாசல்ல ரெண்டாவது படி உடைஞ்சிருக்கும். ஆறு வருஷமாச் சொன்னேன், சரி பண்ணவே இல்ல."