சிராஜ் பாய்க்காக நான் சொன்ன சாட்சி

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, புயல் நாளில் ஒற்றை ஆளாக லோடு வண்டியை வெள்ளாற்றுப் பாலத்தில் ஓட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. "மாமா, அத்தா மவுத்தாயிட்டாங்க" என்றாள் சிராஜ் பாயின் மகள் சபீனா. சாவுச் சேதி கேட்டதும் கதை பாதியில் நின்றது. பந்தி முழுவதும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது என்று எழுதத்தான் கை வருகிறது. எதிர் இலையில் இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களும் ரசத்துக்குக் காத்திருந்தவர்கள்.

சிதம்பரம் கடைவீதியில் ஹாஸ்டல் பிள்ளைகளுக்குப் பாய், தலையணை, பக்கெட் விற்ற சிராஜுதீனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். கடலூரிலிருந்து அவருக்குச் சரக்கு ஏற்றி வந்தவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. ஆனாலும் பேச்சில் என்னை வெல்ல இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. என் வீடு செம்மங்குப்பத்தில், ரசாயன ஆலைகளுக்குப் பக்கம். நான் கடைக்குள் கால் வைத்ததுமே சிராஜ் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

"வந்துட்டான்டா கெமிக்கல் டேங்க்கு! வெளியவே நில்லு மச்சான், தலகாணியெல்லாம் வாட புடிச்சிக்கும்."

"ஒன் தலகாணியில இருக்கிற மூட்டப்பூச்சியே என் வாடைக்குத்தான் சாவுது. சும்மா கெட."

பிறகு டீ வரும்.

சபீனாவுக்கு அண்ணாமலை நகரில் வேலை கிடைத்தபோது அங்கேயே அவளுக்கு வாடகைக்கு வீடு பார்க்கப் போனோம். நானும் கூடப் போயிருந்தேன். வீட்டுக்காரர் கேட்டைத் திறக்காமலே பெயரைக் கேட்டார். கேட்டதும், தெருவில் நாலு பேர் பார்க்க, "ஒங்க ஆளுங்களுக்கு வீடு குடுத்தா தெருவே நாறிடும், போங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சபீனா தன்னையறியாமல் துப்பட்டா நுனியை எடுத்து மோந்து பார்த்தாள். அதைச் சிராஜ் பார்த்துவிட்டார். நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. "வாயால பேசுனதுக்கெல்லாம் கேஸ் போட்டா, நாம பேசற பேச்சுக்கு ஆயுசு பூரா உள்ளதான் கெடக்கணும். திருப்பித் திட்டிட்டு வந்திருக்கலாம்ல, மச்சான்?" என்றேன்.

"நம்ம பேச்சு வேற. நீ திட்டுனா நான் திட்டுவேன், அதோட போச்சி. அந்தாளு கேட்டுக்கு உள்ள நிக்கிறான், நான் வெளிய நிக்கிறேன். எம் பொண்ணுக்கு வீடு வேணும். எந்த வாயால திருப்பித் திட்டறது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவன் ஜெயிலுக்கெல்லாம் போவ வேணாம். அவன் பேசுனது தப்புன்னு கவர்மெண்டு ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும். அத நான் சபீனாகிட்ட காட்டணும்" என்றார்.

வழக்கு கடலூரில் நடந்தது. தெருவில் பார்த்தவர்கள் யாரும் சாட்சிக்கு வரவில்லை. சிராஜ் குடும்பத்து ஆள் அல்லாத ஒரே சாட்சி நான்தான். போலீசிடம் நடந்ததை நடந்தபடியே சொல்லியிருந்தேன். கோர்ட் வாசலில் காத்திருந்தபோது யாரோ ஒருவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இவ்ளோதானா? இத வெச்சி எப்பிடிங்க கேசு நிக்கும்?" என்று சிரித்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. கூண்டில் ஏறியதும், கேசை நிறுத்தியே தீருவது என்று ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் சிராஜின் தாயை இழுத்துப் பேசினார் என்றேன். தொழுகையைக் கேலி செய்தார் என்றேன். செருப்பைக் கழற்றினார், சபீனா மயங்கி விழுந்தாள், நான்தான் தாங்கிப் பிடித்தேன் என்றேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் என் பழைய வாக்குமூலத்தை நிதானமாகப் படித்தார். "இதுல செருப்பு எங்கங்க இருக்கு?" என்று கேட்டார்.

"கால்லதாங்க ஐயா இருந்திச்சி."

கோர்ட்டே சிரித்தது. இதை நான் பெரிதாக்கிச் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் விடுதலையானார். என் சாட்சியம் நம்பும்படி இல்லை என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. சிராஜ் கேட்ட வரி கிடைக்கவில்லை, என்னைப் பற்றித்தான் ஒரு வரி கிடைத்தது. அதற்குப் பிறகும் நான் சரக்கு இறக்கினேன், டீயும் வந்தது. மூக்கைப் பொத்திக்கொள்வதை மட்டும் அவர் விட்டுவிட்டார்.

அடக்கம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, வெளியூர் உறவினர் ஒருவர், "என்னமோ கேசு நடந்திச்சாமே, என்னா அது?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க வேணாம் மாமா. நானே சொல்லிக்கிறேன்" என்றாள் சபீனா. மரியாதையாகத்தான் சொன்னாள். நடந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். கேட்டவர் தலை குனிந்துகொண்டார். செருப்பும் மயக்கமும் இல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது.

பேச்சைத் தண்டிக்கச் சட்டம் எதற்கு என்று ஊரெல்லாம் வாதாடியவன் நான். சட்டம் ஏற்கெனவே இருந்தது. அது நிற்பதற்கு, கேட்டதைக் கேட்டபடி சொல்லும் ஒரு வாய்தான் இல்லாமல் போனது.

தீர்ப்பு நாளில் சிதம்பரம் பஸ்ஸில் அவரும் நானும் ஒரே சீட்டில் வந்தோம். அப்பீல் போகலாம், மெட்ராசில் எனக்கு ஒரு பெரிய வக்கீலைத் தெரியும் என்று அளந்துகொண்டே வந்தேன். எனக்கு எந்த வக்கீலையும் தெரியாது. ஆலப்பாக்கம் தாண்டியதும் சிராஜ் என் பக்கம் திரும்பினார்.

"அவன் சொன்னதே பத்தாதா, மச்சான்?"

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்தக் கேள்விதான். அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன், மச்சான். அதுவே ஜாஸ்தி.