மாலையில் எரியும் சிவப்பு விளக்கு

என் மனைவிக்குச் சாயங்காலமானால் மூச்சு இழுக்கும். நான் முதலில் சந்தேகப்பட்டது துறைமுகத்து நிலக்கரியை. சன்னல் விளிம்பில் தினமும் கறுப்பாகப் படிகிறதே, வேறு சாட்சி எதற்கு? எல்லாச் சன்னல்களையும் சாத்தினேன். இழுப்பு கூடியது. அடுத்து பக்கத்து வீட்டில் வறுக்கிற கருவாட்டைச் சந்தேகித்தேன்.

மகன் காற்றைச் சுத்தம் செய்யும் மிஷின் ஒன்றை அனுப்பினான். பகலெல்லாம் அதில் பச்சை விளக்கு எரியும். மாலையில் செபமாலைக்கு உட்கார்ந்ததும் சிவப்பாகும். மிஷின் பழுது என்றே நினைத்தேன். பிறகுதான் மாதா படத்துக்கு முன்னால் புகைந்த சாம்பிராணியையும் கட்டிலுக்கடியில் இருந்த கொசுவர்த்தியையும் பார்த்து, அவளிடம் காட்டினேன்.

“மாதாவுக்குப் போடுத புகையையா குறை சொல்லுதிய?” என்றாள்.

“மாதாவ யாரு சொன்னா? புகை போக வழியில்லன்னுதான் சொல்லுதேன்.”

“வழியெல்லாம் சாத்துனது யாராம்?”

காற்றோட்டம் விட்டுச் சோதிக்காமல் கப்பலின் சரக்கறைக்குள் ஒருவரையும் இறங்க விடாத அதிகாரியாக இருந்தவன் நான்.

மறுநாள் சாம்பிராணி வாசலுக்குப் போனது. கொசுவர்த்திக்குப் பதில் வலை கட்டினேன். காற்றின் திசை பார்த்து, கரி வராத பக்கத்துச் சன்னல்களைத் திறந்து, அவளை வெளியே நிறுத்தி வைத்தேன்.

“ஆபீசரே, உள்ள வரலாமா?”

“கொஞ்சம் பொறு.”

அன்று அவள் இருமாமல் செபமாலையை முடித்தாள். தற்செயலாகவும் இருக்கலாம் என்று இன்னும் சந்தேகப்படுகிறேன். ஆனாலும் அந்தச் சன்னல்களைச் சாத்துவதில்லை.