என்னுடைய சைகோன் தபால் கந்தோர்

சைகோன் நகரத்துப் பழைய தபால் கந்தோரின் படத்தை எங்காவது கண்டால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. கட்டடத்தின் மேல் கோபமில்லை. அதை என்னிடமிருந்து பறித்த விதத்தில்தான் கோபம்.

அது இரண்டாயிரத்துச் சொச்சமாம் ஆண்டு. மொன்ட்ரியாலில் கல்லூரிப் படிப்பின் கடைசிக் காலம். எங்கள் வரலாற்று ஆசிரியர் வகுப்பிலிருந்து சிலரை வியட்நாமுக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தார். ஆளுக்கொரு கட்டடத்தைப் பற்றிப் படித்துக்கொண்டு போகவேண்டும். அங்கே அதற்கு முன்னால் நின்று மற்றவர்களுக்கு விளக்கவேண்டும். திரும்பி வந்ததும் கல்லூரி மண்டபத்தில் பெற்றோருக்குப் படம் காட்டிப் பேசவேண்டும். நான் தபால் கந்தோரைக் கேட்டேன். அவரும் சரி என்றார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். மன்னாரில் அப்பாவைப் படிக்கும் வயதில் கடலுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவை வீட்டு வேலைக்கு மறித்துவிட்டார்கள். மொன்ட்ரியாலில் நாங்கள் குடியிருந்த லாசால் பகுதியில் அப்பாவுக்கு பேக்கரியில் வேலை, அம்மாவுக்குத் தையல் ஆலையில். அந்தக் குளிர்காலம் முழுவதும் நூலகப் புத்தகங்களைக் குசினி மேசையில் விரித்துவைத்துப் படித்தேன். படித்ததை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டே கேட்பார். வெளியே மஞ்சள் சுவர், வாசலுக்கு மேலே மணிக்கூடு. உள்ளே ரயில் நிலையம் போல வளைந்த இரும்புக் கூரை. பக்கச் சுவர்களில் இரண்டு பெரிய வரைபடங்கள், அதில் ஒன்று தந்திக் கம்பிகள் போன வழிகளைக் காட்டுவது. பாரிஸ் கோபுரத்தைக் கட்டியவர்தான் இதையும் கட்டினார் என்று எல்லோரும் சொல்வது பிழை என்றேன்.

“அப்ப ஆர் கட்டினது?” என்று அம்மா கேட்டார்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சண்டையோடும் அகதி வாழ்க்கையோடும் ஒரு சம்பந்தமும் இல்லாத ஒன்றை, வாழ்க்கையில் முதல் தடவையாக, மற்றவர்களைவிட நான் நன்றாக அறிந்திருந்தேன். அதை எவரும் எனக்கு இரங்கித் தரவில்லை.

சைகோனில் செங்கல் தேவாலயத்தைப் பார்த்துவிட்டுத் தபால் கந்தோருக்குப் போக வீதியைக் கடந்துகொண்டிருந்தோம். ஆசிரியர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். தபால் கந்தோரை இன்னொரு மாணவன் பார்த்துக்கொள்வான், நீ பழைய அதிபர் மாளிகையை எடுத்துக்கொள் என்றார். அங்கே புல்வெளியில் வியட்நாம் போர்க்கால டாங்கிகள் நிற்கின்றன, நீ போரிலிருந்து வந்தவள், நீ அதற்கு முன்னால் நின்று பேசினால் அதன் கனமே வேறு என்றார். மிக அன்பாகச் சொன்னார். அந்த அன்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான்கு வயதிலேயே ஊரை விட்டு வந்தவள், டாங்கியை நான் கண்ணால் கண்டதில்லை என்றேன்.

“அதுவும் ஒரு சாட்சியம்தானே” என்றார்.

வளைந்த கூரைக்குக் கீழே அந்த மாணவன் சுற்றுலாக் கையேட்டைப் பார்த்து வாசித்தான். கோபுரம் கட்டியவரின் பெயரையே சொன்னான். நான் தந்தி வரைபடத்துக்குக் கீழே நின்று கம்பிகள் போன வழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாளிகைப் புல்வெளியில் என் முறை வந்தபோது, டாங்கி எந்த வாசலால் வந்தது, அதில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று சொல்லி முடித்துவிட்டேன். ஆசிரியரின் முகம் வாடியது. அவர் கண்ணீரை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

இதை வீட்டில் சொல்லவில்லை. என் மகள் தபால் கந்தோரைப் பற்றிப் பேசப்போகிறாள் என்று அம்மா ஆலையில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

மொன்ட்ரியால் மண்டபத்துக்கு அப்பா கலியாண வீடுகளுக்குப் போடும் கோட்டோடு வந்தார். வெறுங்கையோடு ஓர் இடத்துக்குப் போவதில்லை என்பதால் அம்மா ஒரு தட்டு நிறைய ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்தார். நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘போரின் பிள்ளை’ என்று பிரெஞ்சில் அச்சடித்திருந்தார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசிக்கத் தெரியாதது நல்லதென்று அன்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைக்கவைத்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

திரையில் மஞ்சள் கட்டடம் வந்தது. அம்மா முழங்கையால் இடித்தார்.

“உது உன்ர தபால் கந்தோர் எல்லே? உவன் ஏன் கதைக்கிறான்?”

“பேந்து சொல்லுறன் அம்மா.”

“உவனுக்கு என்ன தெரியும்?”

அப்பா, “இஞ்சேரும், சனம் பாக்குது” என்று அம்மாவை அடக்கினார்.

என் முறை வந்தது. திரையில் டாங்கி. நான் வாய் திறக்குமுன் ஆசிரியர் ஒலிவாங்கியை எடுத்து, இன்று இவளுடைய தாயும் வந்திருக்கிறார் என்று அறிவித்தார். இதைப் பார்க்கும்போது அவர் மனதில் என்ன தோன்றுகிறது என்று கேள், எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல் என்றார். மண்டபமே திரும்பி அம்மாவைப் பார்த்தது.

சின்ன வயதிலிருந்து நான்தான் அவர்களுடைய வாய். ஆஸ்பத்திரி, குடிவரவு அலுவலகம், வீட்டுக்காரர், எங்கும் நான்தான். அவர்கள் எரிச்சலோடு சொன்னதை நான் பணிவாக்கிச் சொல்வேன். அதிகாரிகள் கடுமையாகச் சொன்னதை இதமாக்குவேன். எல்லாவற்றுக்கும் கடைசியில் நன்றி என்று ஒரு ‘மெர்சி’ சேர்த்துவிடுவேன். அன்று கேள்வியை உள்ளபடியே அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா எழுந்து சேலையைச் சரிசெய்தார். திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“அவருக்குச் சொல்லு பிள்ளை, எங்கட சண்டையைப் பற்றிக் கதைக்க நான் வரேல்லை. தபால் கந்தோரைப் பற்றிக் கேக்கத்தான் வந்தனான். குளிர் முழுக்க எனக்குச் சொன்னனி. அதை இவையளுக்கும் சொல்லு.”

அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். ஒன்றையும் இதமாக்கவில்லை, மெர்சியும் சேர்க்கவில்லை. பிறகு, யாரையும் கேட்காமல், கணினியில் படங்களைப் பின்னோக்கித் தள்ளினேன். டாங்கி போனது, மாளிகை போனது, மஞ்சள் சுவர் வந்தது. கூரையைப் பற்றி, வரைபடங்களைப் பற்றி, கோபுரக் கதை ஏன் பிழை என்பதைப் பற்றிப் பேசினேன். முன்பு பேசியவனுக்கு முகம் சிவந்தது. நான் இரக்கப்படவில்லை.

முடிந்ததும் ஆசிரியர் கண்கலங்கி வந்து என் கையைப் பிடித்தார். உன் தாயின் அந்த மௌனத்துக்குள் எவ்வளவு துயரம் என்றார். அம்மா மௌனமாகவா இருந்தார்? கையை இழுத்துக்கொண்டு, கூரையைப் பற்றி ஏதாவது கேட்கவேண்டுமா என்றேன். அவர் சிரித்துவிட்டு ரோல்ஸ் தட்டுப் பக்கம் போனார்.

பஸ்ஸில் கோபம் அடங்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அப்பா மடியில் வெறும் தட்டு. பாதி வழியில் கேட்டார்:

“பிள்ளை, வாசலுக்கு மேல இருக்கிற மணிக்கூடு இப்பவும் ஓடுதோ?”

“ஓம் அப்பா.”

“நேரம் சரியோ?”

“சரி. என்ர மணிக்கூட்டோட ஒத்துப் பாத்தனான்.”

அம்மா அப்பாவைத் தாண்டி எட்டிப்பார்த்து, “அப்ப அந்தக் கூரைக்கு என்ன நிறம்? அதை நீ சொல்லேல்லை” என்றார்.