பெரியம்மா முன்னால் இருந்த குவியல்

தி.நகரில் எங்கள் வீட்டு முன்னறைதான் அம்மாவின் தையல்கடை. ஜாக்கெட் வெட்டுவதும் மெஷினில் தைப்பதும் அம்மா. ஹூக் வைத்துத் தைப்பது பெரியம்மா. இஸ்திரி போட்டு மடிப்பது பக்கத்து வீட்டு அக்கா. பெரியப்பா இறந்த பிறகு திருவான்மியூரில் தனியாக இருந்த பெரியம்மா, தினமும் காலையில் பஸ் பிடித்து வந்துவிடுவாள். தைத்துக்கொண்டே கதை சொல்லுவாள். கதை சூடுபிடித்தால் ஊசி அந்தரத்தில் நின்றுவிடும். அவளை ஒட்டித்தான் நான் உட்காருவேன்.

அந்தக் கோடை விடுமுறையில் என் மாமாவுக்குக் கார் கம்பெனியில் வேலை கிடைத்தது. சேர்ந்த ஒரே மாதத்தில் உலகத்தையே சரிசெய்யும் ஞானம் அவருக்கு வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் முன்னறையில் போனும் கையுமாக உட்கார்ந்து, எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகிறதென்று அளந்தார். அதை நோட்டில் குறித்தது நான். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"துணி எங்க குவிஞ்சிக்கினு கீதோ, அங்கதான்க்கா வேலை மாட்டிக்கினு கீது" என்று அம்மாவிடம் தீர்ப்பு சொன்னார்.

குவிந்திருந்தது பெரியம்மாவின் முன்னால். "உன் வேலையப் பார்டா" என்றாள் அம்மா. மாமா விடுவாரா? சும்மா நின்றுகொண்டிருந்த இஸ்திரி அக்காவையும் ஹூக் தைக்கச் சொல்லி, பாதி ஜாக்கெட்டுகளை அவளிடம் தள்ளிவிட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். வேலை சீக்கிரம் முடிந்தால் மத்தியானம் முழுக்க பெரியம்மா எனக்குத்தானே?

மறுநாள் பன்னிரண்டு மணிக்கே குவியல் காலி. "இன்னாடி, அவ்ளோதானா?" என்ற பெரியம்மா, சாப்பிட்ட கையோடு பையை எடுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் உக்காரேன்க்கா" என்றாள் அம்மா.

"வேலையில்லாம குந்திக்கினு இன்னா பண்றது?"

அதற்கடுத்த நாள் விடிந்ததும், அம்மா மடித்து வைத்த ஜாக்கெட்டுகளை எடுத்து ஹூக்குகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் அதிர்ந்துபோனேன். தைத்ததைப் பிரிப்பதைவிட தண்டவேலை உண்டா?

பெரியம்மா வந்தாள். குவியலைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "தோ பார்றா, இவ்ளோ கீதே!" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பெரியம்மா, இதெல்லாம் நீ நேத்து தெச்சதுதான். அம்மாதான் பிரிச்சி வெச்சிச்சி."

மெஷின் நின்றது. பெரியம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலை நிமிரவில்லை. பெரியம்மா அத்தனை ஹூக்கையும் தைத்து முடித்தாள். அவள் கை அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததேயில்லை. அன்று கதையும் கிடையாது.

அப்புறம் அவள் நல்லநாள் பெரியநாளுக்கு மட்டும் வந்தாள், விருந்தாளி மாதிரி. ஊசியை நிறுத்திவிட்டு அவள் கதை சொல்லும் அந்த நேரத்துக்காக இன்றைக்கும் மனசு ஏங்குகிறது. அன்றைக்கோ, பெரிய தப்பைக் கண்டுபிடித்த கெட்டிக்காரி என்ற நினைப்பில் இருந்தேன். பெரியம்மா ஏன் வரவில்லை, ஏன் வரவில்லை என்று தினமும் அம்மாவையே கேட்டுக்கொண்டிருந்தேன்.