இறுக மூடிய டப்பா

கல்யாணமாகிப் பொன்னேரிக்கு வந்த பிறகு நான் பயந்தது ஒரே ஒரு சத்தத்துக்குத்தான். காலையில் மாமனார் காபி டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம். மெதுவாக வைத்தால் குடித்துவிட்டார் என்று அர்த்தம். "ணங்" என்று கேட்டால் ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்துவிட்டார் என்று அர்த்தம். திட்டமாட்டார். "மரத்தூள் இதவிட நல்லா இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கழனிக்குக் கிளம்பிவிடுவார். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடாது.

அவருக்குப் பொன்னேரிக் கடைத் தூள் ஆகாது. ராயபுரத்தில் கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தரும் ஒரு கடை இருந்தது. மாதம் ஒருமுறை ரயிலேறிப் போய் அவரே வாங்கி வருவார். வந்த அன்று வீடெல்லாம் மணக்கும். அடுத்த வாரமே மணம் பாதியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். கடல்பக்கத்து ஈரக்காற்று எதற்குள்தான் நுழையாது? தூள் நமுத்துக் கட்டி கட்டியாக நிற்கும்.

நான் செய்து பார்க்காதது இல்லை. கண்ணாடி பாட்டிலில் போட்டு இருட்டில் வைத்தேன். பித்தளைச் சம்படத்தில் போட்டால் தூளில் பித்தளை வாடை ஏறியது. பால்பவுடர் டப்பாவின் மூடி நாலு நாளில் தளர்ந்தது. அதன் வாய்க்குத் துணி கட்டி அரிசிப் பானைக்குள் புதைத்தேன். சோறு காபி மணத்தது, காபி மணக்கவில்லை.

மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் பெண்கள் நானும் என் ஓரகத்தியும்தான். கொழுந்தனார் ஆவடியில் வேலை செய்துகொண்டு, விடுமுறை கிடைத்தால் வருவார். ஓரகத்தி பள்ளிப்பட்டுப் பெண். அந்த வருஷம் மழைக்காலத்தில் அவளுக்கு ஏழாம் மாதம். வாந்தியெல்லாம் நின்று, காபி மட்டும் வேண்டியிருந்தது அவளுக்கு. "அக்கா, இன்னும் அரை டம்ளர்" என்று வந்து நிற்பாள். நானும் கொடுப்பேன்.

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை பார்த்தார். ஒருநாள் சாயங்காலம் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வைத்தார். கனமான தகரம். மூடி உள்பக்கமாக அழுந்தி உட்காரும். ஸ்பூன் காம்பால் நெம்பினால்தான் திறக்கும்.

"குடோனாண்ட காலியா கெடந்துச்சு. ஒனக்கு ஆவும்னு எடுத்துக்கினு வந்தேன்" என்றார்.

மேலே காகிதம் எதுவும் இல்லை. ஒட்டியிருந்த இடத்தில் பசைத்தடம் மட்டும் இருந்தது. வாட்ச்மேன் கேட்பான் என்று, படித்துக்கூடப் பார்க்காமல் அவரே கிழித்துப் போட்டிருந்தார். நான் முகர்ந்து பார்த்தேன், எந்த வாடையும் இல்லை. சாம்பல் போட்டுத் தேய்த்து, சீயக்காய் போட்டுக் கழுவி, வெந்நீர் ஊற்றி அலசி, வெயிலில் காயவைத்துத் தூளைக் கொட்டினேன்.

அந்த மாதம் முழுக்க காபி மணத்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தபோதும் மூடியை நெம்பினால் வாங்கி வந்த அன்றைய வாசனையே வந்தது. மாமனார் டம்ளரை மெதுவாக வைத்தார். ஒருநாள் இரண்டாவது டம்ளர் கேட்டார், பிறகு அதுவே வழக்கமானது. நான் அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

அடுத்த மாதத் தூளும் அதில்தான் போட்டேன். அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர், தங்கை கல்யாணத்துக்கு அழைக்க வந்தார். கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர், திறந்திருந்த அடுப்படியைப் பார்த்து நிறுத்தினார்.

"இன்னாப்பா, அந்த டப்பா நம்ம கம்பெனிதா?"

"ஆமா. சும்மா கெடந்துச்சு."

"எங்க கெடந்துச்சு? பின்னாடி ஷெட்டாண்டயா?"

வீட்டுக்காரர் யோசித்தார். "ஆமா, அங்கதான்."

நண்பர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "பெயிண்டுக்குப் போடற ஈயப்பொடி அந்த ஷெட்லதான வக்கிறாங்கோ. அது வெஷம்பா. ஒடனே ஒண்ணும் செய்யாது. கொஞ்சங்கொஞ்சமா ஒடம்புல சேந்துக்கினே போவும்."

என் பின்னால் ஓரகத்தி நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் கையில் இருந்த டம்ளர் காலி.

அரைமணி நேரத்தில் மாட்டுவண்டி கட்டி அவளையும் என்னையும் பொன்னேரிக் கடைத்தெரு டாக்டரிடம் அனுப்பினார் மாமனார். வண்டியில் அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஒருமுறை மட்டும், அப்பாவை நினைத்துத் தனக்குத்தானே சொல்வதுபோல, "எங்க நைனாவுக்கு இன்னான்னு சொல்றது" என்றாள்.

டாக்டர் அவள் நாடியைப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார்; ஈயம் சேர்ந்தால் ஈறோரம் கறுக்குமாம். "வயிறு வலிக்குதா?" என்று கேட்டார்.

"ரெண்டு நாளா இழுத்து இழுத்துப் புடிக்குது" என்றாள்.

என்னிடம் அவள் அதைச் சொல்லவே இல்லை.

"இப்ப பாக்கறதுக்கு ஒண்ணும் தெரியல" என்றார் டாக்டர். "ஆனா டப்பால இருந்தது இன்னான்னு தெரியாம நான் எதுவும் சொல்ல முடியாது. மொதல்ல அத்த விசாரிங்க. ஈயமா இருந்தா பட்டணத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும்."

நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டுக்காரரும் நண்பரும் ஸ்டேஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு என்பதால் குடோன் பூட்டியிருக்கும். குடோனைப் பார்த்துக்கொள்பவர் வீடு கும்மிடிப்பூண்டியிலேயே இருந்தது. அவரைப் பிடித்தால்தான் விஷயம் தெரியும்.

அவர்கள் போன பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர். ஓரகத்தி கூடத்தில் சுவரோரமாகச் சாய்ந்து வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சோறு போட்டேன், அவள் தொடவில்லை. தண்ணீர் கொடுத்தேன். சொம்பை வாங்கி உள்ளே பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

மாமனார் வெளியே நடந்துகொண்டே இருந்தார். பிறகு உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துக் கூடத்து நடுவில் போட்டு எங்கள் இருவருக்கும் நேர் எதிரே உட்கார்ந்தார். அந்த வீட்டில் நாங்கள் அவர் எதிரே நின்று பேசியதுகூட இல்லை.

"என்னியப் பாருங்க" என்றார். "இந்த ஊட்ல அந்தக் காபிய அதிகமா குடிச்சவன் நான்தான். காலைல ரெண்டு டம்ளரு, மத்தியானம், சாயங்காலம். எதுனா ஆவறதா இருந்தா மொதல்ல எனக்குத்தான் ஆவும். எனக்கு வயசும் ஆயிடுச்சு. எனக்கு ஒண்ணும் ஆவலன்னா உங்களுக்கும் ஒண்ணும் இல்ல."

அவர் என்னைக் கூப்பிட்டார்.

"டாக்டரு இந்தப் பொண்ணுக்கு எப்டி பாத்தாரு?"

"ஈறைப் பாத்தாரு மாமா."

"எனக்குப் பாரு."

டார்ச் விளக்கை எடுத்துவரச் சொன்னார். தலையை அண்ணாந்து வாயைத் திறந்தார். வெற்றிலைக் கறை படிந்த ஈறு. அதில் எது கறை, எது விஷம் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஓரகத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்குது மாமா" என்றேன்.

"கேட்டியாம்மா?" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். அவள் லேசாகத் தலையை ஆட்டினாள். அதன் பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. மாடு கத்தியது, ஆள் வந்து கூப்பிட்டான், போகவில்லை. நாங்கள் பார்ப்பதற்காகவே சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து ஒவ்வொரு ரயில் ஊதும்போதும் மூன்று பேரும் வாசலைப் பார்த்தோம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்காரர் வந்தார். கையில் அதேபோல இன்னொரு டப்பா. அதன்மேல் காகிதம் கிழியாமல் இருந்தது. குடோன்காரரைக் கெஞ்சி, குடோனைத் திறக்கவைத்து வாங்கி வந்திருக்கிறார்.

"ஈயப்பொடி பீப்பாய்லதான் வருமாம். டப்பாலயே வராதாம். இது லேபிள் ஒட்டறதுக்குப் பசை காய்ச்சற மாவு. மரவள்ளிக் கெழங்கு மாவு. ரெண்டு தபா கேட்டுக்கினுதான் வந்தேன்."

மூடியை நெம்பிக் காட்டினார். வெள்ளை மாவு. மாமனார் காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு எழுந்தார். கால் மரத்துப்போயிருக்க வேண்டும், சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே அங்கேர்ந்து ஒரு குண்டூசி கூட இந்த ஊட்டுக்குள்ள வரக்கூடாது" என்று மகனிடம் சொன்னார். அவ்வளவுதான். ஓரகத்தி அப்போதுதான் அழுதாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கையை விலக்கவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

தூளை எருக்குழியில் கொட்டிவிட்டேன். நல்ல தூள்தான். ஆனால் அதை யாரும் வாயில் வைத்திருக்கமாட்டோம். ராத்திரி பெய்த மழையில் தோட்டமே காபியாக மணத்தது. நான் தோட்டத்துக் கதவைச் சாத்திவிட்டேன்.

மறுநாள் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். வயிற்றை இழுத்துப் பிடித்தது அந்த மாதத்தில் சிலருக்கு வருவதுதானாம். அந்த வாரமே அவளுடைய நைனா வந்து பள்ளிப்பட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். வண்டியேறும்போது என்னிடம் "வரேன்" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் தூள் சேர்த்துவைக்கும் வழக்கம் போய்விட்டது. மாமனார் ராயபுரத்திலிருந்து பச்சைக்கொட்டையாக வாங்கி வந்தார். அது எத்தனை மாதமானாலும் அப்படியே இருந்தது. வாரத்துக்கு வேண்டியதை மட்டும் நான் இரும்புச் சட்டியில் வறுப்பேன். அன்றன்றைக்கு வேண்டியதைக் கை மெஷினில் அவரே அரைத்துக் கொடுப்பார். சமயத்தில் தீய்ந்துபோகும். ஒன்றும் சொல்லாமல் குடிப்பார்.

தையில் பெண் குழந்தை பிறந்ததாகக் கொழுந்தனார் வந்து சொன்னார். கை கால் எல்லாம் நன்றாக இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "எல்லாம் நல்லா இருக்குது அண்ணி" என்றார்.

குழந்தையோடு அவள் திரும்பி வந்த மறுநாள் காலை, காபி கலக்க டம்ளரை எடுத்தேன். "எனக்கு வேணாம். நானே போட்டுக்கறேன்" என்றாள். சரி என்றேன். வெகுநாள் அப்படியே நடந்தது. ஒரே அடுப்பில், ஒரே கொட்டையில், அவள் காபி தனி, எங்கள் காபி தனி.

குழந்தை தவழ ஆரம்பித்த சமயம். நான் துணி துவைத்துவிட்டு வந்தேன். அடுப்பு மேடையில் இரண்டு டம்ளர் இருந்தன. ஒன்றை அவள் எடுத்துக்கொண்டு, மற்றதை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஆறிடப்போவுதுக்கா, குடிங்க" என்றாள்.

சர்க்கரை அதிகமாக இருந்தது. குடித்தேன்.